அழிக்கும் முன் ஒரு பார்வை

(மூன்றாமாண்டு இளங்கலைத் தமிழ் மாணவி)

"தமிழ் படிக்கும் உனக்குக் கருந்திரையில் என்ன வேலை?" என்று தோழியர் கேட்பதுண்டு. எங்கள் ஊர்ப் பாட்டிமார் பாடிய 32 தாலாட்டுகளைக் கணிப்பொறியில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தேன். அவற்றை ஒழுங்குபடுத்தவே கட்டளைகளைக் கற்றேன். கற்றதையும், பட்டதையும் இங்கே கூற விழைகிறேன்.

நம் ஆய்வகக் கணிப்பொறிகளில் உள்ளது லினக்ஸ். அதற்கு முன்னோடியான யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோரால் உருவாக்கப்பெற்றது. அந்நாளில் பலர் பயன்படுத்திய டெலிடைப் எந்திரத்தில் திரை கிடையாது; நொடிக்கு 10 எழுத்துகள் வீதம் தாளில் அச்சாகும். ஆகவே கட்டளைகள் கடுகெனச் சிறுத்தன, விடையும் சுருங்கிற்று. வேலை முடிந்தால் எந்திரம் பேசாது. பிழை நேர்ந்தால்தான் வாய் திறக்கும்.

முதலில் அறிய வேண்டியவை சிலவே. நாம் எந்தக் கோப்புறையில் இருக்கிறோம் என்பதைக் கூறுவது 'பி.டபிள்யூ.டி.' அதிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடுவது 'எல்.எஸ்.' வேறு கோப்புறைக்குச் செல்ல 'சி.டி.', படியெடுக்க 'சி.பி.', இடமோ பெயரோ மாற்ற 'எம்.வி.', அழிக்க 'ஆர்.எம்.' நீண்ட கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க 'லெஸ்' உதவும். 'க்யூ' விசையைத் தட்டினால் அதிலிருந்து வெளிவரலாம். 'கிளியர்' திரையை மட்டுமே துடைக்கும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

நட்சத்திரக் குறிக்கு 'எதுவாயினும்' என்பது பொருள். 'பழைய*' என்றால் அப்பெயரில் தொடங்கும் கோப்புகள் அனைத்தும் என்றாகும்.

ஒரு நாள் பழைய படிகளை நீக்க எண்ணி, 'ஆர்.எம். பழைய *' என்று தட்டினேன். குறிக்கு முன் ஓர் இடைவெளி விழுந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. 'பழைய என்ற கோப்பையும், இங்குள்ள எல்லாக் கோப்புகளையும் அழி' என்று எந்திரம் பொருள் கொண்டது. 'பழைய' என்றொரு கோப்பு இல்லையென ஒரே வரியில் குறைபட்டுக்கொண்டு, மற்றவற்றை ஓசையின்றி அழித்தது. இக்கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. எடுத்து மீட்க வழியில்லை.

30 பாடல்கள் என் குறிப்பேட்டில் இருந்தன. இரண்டை மட்டும் பாட்டி பாடப் பாட நேரே தட்டச்சுச் செய்திருந்தேன். மீண்டும் அவரிடம் போனேன். பாடினார், ஆனால் மாமன்மார் பெயர்கள் மாறியிருந்தன, சில அடிகள் வரவேயில்லை. "அன்னிக்கு எப்பிடிப் பாடினேனோ, யாருக்குத் தெரியும் தாயி!" என்றார்.

அன்று முதல் ஒரு பழக்கம் கொண்டேன். அழிக்கும் முன், அதே சொற்களை 'எல்.எஸ்.' கட்டளையோடு தட்டிப் பார்க்கிறேன். எவை பட்டியலில் வருகின்றனவோ, அவையே அழியப் போகின்றவை. பட்டியல் சரியாயிருந்தால்தான் 'ஆர்.எம்.' இடுகிறேன். அதனுடன் ஒரு சிறுகோடும் 'ஐ' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு கோப்பையும் அழிக்கலாமா என்று கேட்கும். 'சி.பி.', 'எம்.வி.' இரண்டும்கூட, அதே பெயரில் முன்பிருந்த கோப்பின்மேல் கேளாமலே எழுதிவிடக் கூடும் என்பதையும் மறவாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அரியவற்றின் படி ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும்.

சொன்னதைச் செய்வது எந்திரம். நாம் நினைத்ததை அது அறியாது. ஆழம் பார்த்துக் காலை விடுவோம், தோழர்களே!