கீழ்ப்படிவது கடமையா?

'அராஜகம்' என்ற சொல்லை வன்முறை, ஒழுங்கீனம் என்ற பொருளிலேயே நாம் வழங்குகிறோம். அரசன் இல்லாத நிலை என்பதே அதன் நேர்ப்பொருள். இகழ்ச்சியாக வழங்கிவந்த 'அராஜகவாதி' என்ற பெயரை 1840-இல் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவர் பிரெஞ்சு சிந்தனையாளர் புரூதோன். அவர் வழிவந்தோர் ஒழுங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டளையிடும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டனர்.

இக்கேள்வியைக் கூர்மையாக முன்வைத்தவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் பால் உல்ஃப். 1970-இல் வெளியான அவரது சிறுநூலின் சாரம் இது: தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பது மனிதனின் முதற்கடமை, ஆணை என்பதற்காகவே ஒன்றைச் செய்பவன் அப்பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுகிறான். கொலையைச் சட்டம் தடுக்கிறது. நாமும் கொலை செய்வதில்லை. ஆனால், அது தவறு என்பதே நாம் விலகி நிற்பதற்குக் காரணம். அப்படியானால், சட்டம் என்பதற்காகவே கீழ்ப்படியும் கடமை எப்படி உண்டாகிறது?

நமது சம்மதத்தால் என்பது ஜான் லாக்கின் விடை. ஒரு நாட்டின் சாலையில் நடப்பதே அதன் ஆட்சிக்கு அளிக்கும் மௌன சம்மதம் என்றார் அவர். 1748-இல் டேவிட் ஹியூம் இதை மறுத்தார். உறக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதிக்கவில்லை என்பதாலேயே கப்பல் தலைவனின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டான் என்று கூறிவிட முடியுமா? வெளியேற வழியற்ற ஏழைக்கு நாடும் அத்தகைய கப்பலே.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும், அரசே வேண்டாம் என்ற முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. அரசு விலகும் இடத்தைப் பரஸ்பர உதவி நிரப்பும் என்று ரஷியச் சிந்தனையாளர் குரோபோட்கின் நம்பினார். ஆனால், ஆதிக்கம் அரசிடம் மட்டுமா குடியிருக்கிறது? கிராம சமுதாயத்தைப் போற்றியவர்களுக்கு 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மறுமொழி அளித்தார். கிராமங்கள் அறியாமைக்கும் குறுகிய மனப்பான்மைக்கும் உறைவிடம் என்றார். தீண்டாமையை ஊர் தானாகக் கைவிடவில்லை; அது ஒழிக்கப்பட்டதென அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அறிவிக்க வேண்டியிருந்தது.

அரசு தேவை என்பது வேறு. அதன் ஒவ்வோர் ஆணைக்கும் பணிவதே அறம் என்பது வேறு. எளியோரைக் காக்கும் சட்டத்துக்கு நாம் பணிவது, அது நியாயமானது என்பதால். அந்த நியாயத்தை நிறுவும் சுமை எந்நாளும் அரசின் தோளில்தான் இருக்க வேண்டும். கேள்வி கேட்பவரை அராஜகவாதி என்று தூற்றி, அச்சுமையை இறக்கிவைக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.