உப்பளக் கரையோரத்தில் தீவனப்புல்லுக்கு நீரிறைத்தல்

மரக்காணத்தைச் சார்ந்த கடலோரக் கிராமங்களில் கறவை மாடுகளையும் தீவனப்புல்லையும் நம்பியிருக்கும் குடியானவர்களுக்கு, இறைவைச் சாதனங்களைப் பராமரிப்பதென்பது இயந்திரத்தைப் பழுதின்றி வைப்பதோடு முடிவதன்று. கிணற்றின் நன்னீரைக் காப்பதே அதில் முதன்மையானது.

ஒருபுறம் வங்கக்கடலும், மறுபுறம் உப்பளங்களும் கழுவெளியின் உவர்நீரும் சூழ்ந்த இந்நிலத்தில், மழையால் இறங்கிய நன்னீர் மணலின்கீழ் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனமானதே இதற்குக் காரணம். கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்குமென்பது 1901-ஆம் ஆண்டில் ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியர் வெளியிட்ட கணக்கு. ஆகவே, நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நீடிக்குமாயின், அடியிலுள்ள உப்புநீர் நாளடைவில் 40 அடி மேலெழக்கூடும். அவ்வாறு கெட்ட கிணறு எளிதில் திருந்தாது.

ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில், ஆளும் மாடும் இளைப்பாறிய நேரத்தில் ஊற்றும் ஊறிக்கொண்டது. மின்சார மோட்டாருக்கோ இளைப்பென்பதில்லை. ஆதலின் பின்வரும் முறைகளைக் கைக்கொள்ளுதல் நலம்.

1. அதிகக் குதிரைசக்தியுள்ள மோட்டாரை ஆழ்குழாயில் இறக்குவதைவிட, ஆழமற்ற கிணற்றில் சிறிய பம்பை வைத்து, காலையும் மாலையும் சிறிது நேரம் இறைப்பதே மேல். புட்வால்வை அடிவரை இறக்கலாகாது.

2. இறைக்குமுன் நீர்மட்டத்தைக் கிணற்றுச் சுவரில் குறித்துக்கொள்க. மறுநாட் காலைக்குள் நீர் அக்குறிக்கு ஏறாவிடின், இறைக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

3. மாதம் ஒருமுறையும், கோடையில் இருமுறையும் நீரைப் பரிசோதனை செய்விக்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் உப்பிருப்பின் அந்நீர் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. மாடுகள் அதனினும் சற்று உவர்ந்த நீரைப் பொறுக்குமாயினும், கறவைக்கும் கன்றுக்கும் நன்னீரே தருதல் வேண்டும்.

4. உவர்நீரைத் தெளிப்பானால் இறைத்தால் இலை கருகும். வாய்க்கால் வழியே வேரடிக்குப் பாய்ச்சுக.

5. உவர்நீரில் இரும்பும் பித்தளையும் ஒன்றையொன்று தொட்டிருப்பின் இரும்பு விரைவில் அரிக்கும். குழாய்கள் பி.வி.சி.யாக இருத்தல் நன்று. மின்சாரப் பெட்டியை உப்புக்காற்றுப் படாதவாறு மூடி, அதைத் தொடுமுன் மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

இவற்றினும் சிறந்த உபாயம், கோடையில் இறைக்கும் தேவையையே குறைப்பதாகும். வடகிழக்குப் பருவமழையில் வரப்பை உயர்த்தி நீரைத் தேக்கி வடித்தால் மண்ணிலுள்ள உப்புக் கரைந்து நீங்கும். நன்னீரும் நிலத்தடியில் சேரும். மழைக்குப்பின் செழிக்கும் கொழுக்கட்டைப் புல் போன்ற மெல்லிய தண்டுடைய புற்களைத் தை, மாசியில் பூக்கும் தருணத்தில் அறுத்து, நன்றாக உலர்த்தி, மேடான பரணில் போரிட்டு வைக்கலாம். போரிலுள்ள ஒவ்வொரு கட்டும் சித்திரை, வைகாசியில் கிணற்றில் மிச்சப்படும் நீராகும்.

அடுத்தடுத்த கிணறுகள் ஒரே நன்னீர்ப் படுகையைப் பகிர்வதால், ஒருவர் மிகுதியாக இறைப்பின் அயலாரின் கிணறும் உவர்க்கும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, முறைவைத்து இறைக்கும் ஏற்பாட்டை ஊர்க்கூட்டத்தில் செய்துவைப்பது ஊருக்கே நன்மை பயக்கும்.