மெல்ல இறங்கட்டும் மின்சாரம்

வீட்டுக்குள் அறிவியல் – 23

டொரொன்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு டிசம்பரில் போய் இறங்கும் பெற்றோர் பலருக்கு முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். கார்ப்பெட்டில் நடந்துபோய்க் கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்கிறது. போர்வையை உதறினால் இருட்டில் பொறி பறக்கிறது. பேரனைத் தொட்டால் அவனும் துள்ளுகிறான். “வீட்டு ஒயரிங்கை ஒருதரம் பார்க்கச் சொல்லுங்க மாப்பிள்ளை” என்பார்கள். ஒயரிங் மேல் குற்றமில்லை. வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கிறது.

போன வாரம் எர்த் கம்பியைப் பார்த்தோம். இந்த வாரம், கம்பியே இல்லாமல் வந்து சேரும் நிலைமின்சாரம்.

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. செருப்பு தரையை விட்டு எழும்போதும், ஸ்வெட்டரைக் கழற்றும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் இதுதான் நடக்கிறது. சென்னையிலும் நடக்கிறது. ஆனால் சென்னைக் காற்றின் ஈரம் எல்லாப் பொருள்கள் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிந்திருக்கும். சேரும் மின்னேற்றம் அதன் வழியே அவ்வப்போது கசிந்து போய்விடும்.

குளிர்நாட்டுக் கணக்கு வேறு. 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் 22 டிகிரிக்குச் சூடாக்கினால், 19 கிராம் வரை தாங்கும். உள்ளே இருப்பதோ அதே 5 கிராம். ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. வெளியே மைனஸ் 10 என்றால் 12 சதவீதம்தான்.

இவ்வளவு வறண்ட காற்றில் கார்ப்பெட் மேல் நடப்பவர் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம் என்கின்றன மின்னணுத் துறைக் கையேடுகள். ஈரக் காற்றில் அதே நடைக்கு 1,500 வோல்ட். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் நமக்கு உறைக்காது. நம் ஊரில் இந்தத் தொல்லை அதிகம் தெரியாததற்குக் காரணம் இதுதான். 35,000 வோல்ட் ஆளைக் கொல்லாததற்குக் காரணம், உடம்பில் சேரும் மின்னேற்றத்தின் அளவு மிகச் சொற்பம்; கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்? ஈரப்பதத்தை 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். ஹியூமிடிஃபயர் இல்லாவிட்டால் துவைத்த துணியை அறைக்குள்ளேயே உலர்த்தலாம். 60-ஐத் தாண்டவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். உடையும் முக்கியம். பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். கதவுப் பிடியை விரலால் தொடுமுன் கையிலிருக்கும் சாவியால் தொடுங்கள். பொறி சாவி நுனியில் பறக்கும், தோலில் சுருக்கென்று தைக்காது.

பருத்தி, தோல் செருப்பு, மரம், ஈரக் காற்றால் படியும் நீர்ப்படலம் எல்லாமே மின்சாரத்தை மட்டமாகக் கடத்துபவை. அந்த மட்டம்தான் இங்கே வேண்டியிருக்கிறது. ஏரி நிறைந்தால் கரை உடைவதற்கும் மதகு திறப்பதற்கும் உள்ள வித்தியாசம். போவது அதே தண்ணீர்தான். போகிற வேகம் வேறு.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைபேசி அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்கள் மணிக்கட்டில் கட்டும் பட்டையில் இதே தத்துவம்தான். பட்டையிலிருந்து எர்த்துக்குப் போகும் ஒயரின் நடுவே வேண்டுமென்றே 10 லட்சம் ஓம் மின்தடை வைத்திருப்பார்கள். மின்னேற்றம் மெல்ல இறங்கும். தவறிப்போய் 230 வோல்ட் ஒயரில் கை பட்டாலும், பட்டை வழியாகக் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடாது. சில சிப்களுக்கு 100 வோல்ட்டே எமன். தொழிலாளிக்கு உறைக்காத பொறியில் சிப் செத்திருக்கும். உறைக்கவில்லை என்பதை வைத்து அங்கே எதையும் முடிவு செய்ய முடியாது.

கோவை ஸ்பின்னிங் மில்களில் பிரச்சினை வேறு உருவத்தில் வரும். காற்று காய்ந்தால் பஞ்சிழை மின்னேறி உருளையில் சுற்றிக்கொள்ளும். ‘லேப்பிங்’ என்பார்கள். நூல் அறும், ஓட்டம் நிற்கும். அதற்காகத்தான் ஈரக் காற்றை ஊதுவதற்கென்று தனி பிளான்ட்டே இயங்குகிறது. பாலியெஸ்டர் கலந்த நூல் ஓட்டும் மில்லில் கவனம் இன்னும் அதிகம்.

சிவகாசியில் இது உயிர்ப் பிரச்சினை. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் கால்பங்கு போதும்; 10,000 வோல்ட் ஏறிய மனித உடம்பிலோ 5 மில்லிஜூல் வரை இருக்கும். அலுமினியத் தூள் சேர்ந்த பட்டாசுக் கலவையும் சின்னப் பொறியில் பற்றக்கூடியது. கலவை அறையில் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும், எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்ற நெறிகள் இதற்காகவே.

எல்லாவற்றையும் எர்த் செய்து தீர்த்துவிடவும் முடியாது. பிளாஸ்டிக் தாளில் ஏறியது ஏறிய இடத்திலேயே நிற்கும். ஒரு மூலையில் கம்பி இணைத்தால் அந்த மூலை மட்டும்தான் வடியும். அதனால்தான் பிளாஸ்டிக் பைகளில் அச்சடிக்கும் இடங்களில் அயனைசர் பொருத்தி, காற்றையே மின்னேற்றி அனுப்பிச் சமன் செய்கிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை. நிலைமின்சாரம் ஒருமுறை சுருக்கென்றால் தீர்ந்தது. நின்ற இடத்திலேயே நின்றால் அடுத்த முறை அடிக்க அதனிடம் எதுவும் மிச்சமிருக்காது. ஃபிரிட்ஜையோ கீசர் குழாயையோ தொட்டதும் விடாமல் விறுவிறுவென்று இழுத்தால் அது நிலைமின்சாரம் அல்ல, மின்கசிவு. மறுபடி தொட்டுப் பார்க்கவே வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் உயிரைக் காக்கும் சின்னப் பெட்டி ஒன்று நம் மீட்டர் போர்டில் இருக்கிறதா? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)