உயிருக்கு ஒரு சாரம் – 9: இன்சுலின் உட்காரும் தாள்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர்கள் பொம்மசந்திராவைத் தாண்டியதும் ஹெப்பகோடியைக் கடப்பார்கள். 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோவில் இந்த ஊர் நிலையத்தின் பெயரே 'பயோகான் ஹெப்பகோடி'. கிரண் மஜும்தார் ஷா 1978இல் தொடங்கிய பயோகான், முதலில் பப்பாளியிலிருந்து பப்பெயினும் மீனின் காற்றுப்பையிலிருந்து ஐசிங்கிளாஸும் எடுத்து விற்றது. 2004இல் பிச்சியா என்ற ஈஸ்டை வளர்த்து, அதிலிருந்து மனித இன்சுலினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பப்பெயின், ஐசிங்கிளாஸில் இருக்கும் கொலாஜன், இன்சுலின் மூன்றுமே புரதங்கள்.

சென்ற வாரம் திசுப் பொறியியலின் சாரத்தைப் பார்த்தோம். கொத்தனார் ஏறி நின்று வேலை செய்யச் சாரம் கட்டுவதுபோல, செல்கள் பற்றிப் படர ஒரு தாங்கல் வேண்டும். அதில் சேர்த்துப் பார்க்கப்படும் பொருள்களில் ஒன்று கிராஃபீன் ஆக்சைடு. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை அமிலத்திலும் பெர்மாங்கனேட்டிலும் இட்டு, ஏடு ஏடாகப் பிரித்தால் கிடைப்பது. ஓர் ஏட்டின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர்தான்.

இந்த ஏட்டில் புரதம் எப்படி உட்காருகிறது? எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி இதுதான்.

2011இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை, ஆக்சிஜன் ஏறாத கார்பன் ஏடான கிராஃபீன் மீதும் கிராஃபீன் ஆக்சைடு மீதும் வளர்த்தார்கள். கிராஃபீன் மீது எலும்புச் செல்லாக மாறுவது விரைவுபட்டது. வளர்ப்புக் கரைசலில் இருந்த தூண்டு மருந்துகளை அது தன்மேல் ஈர்த்துச் சேர்த்துவைத்ததுதான் காரணம். ஆனால் கொழுப்புச் செல்லாக மாறுவது தடைபட்டது. அதற்கு இன்சுலின் வேண்டும். 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினில் ஃபீனைல்அலனின், டைரோசின் ஆகியவற்றின் வளையங்கள் இருக்கின்றன. கிராஃபீனின் கார்பன் வளையங்கள் இன்சுலினை இறுக்கிப் பிடித்ததில் அதன் மடிப்பு குலைந்துபோனது. மடிப்பு குலைந்த புரதம் பல் உடைந்த சாவி.

கிராஃபீன் ஆக்சைடில் ஆக்சிஜன் கூட்டங்கள் ஆங்காங்கே ஒட்டியிருப்பதால் பிடி வேறு மாதிரி. இன்சுலின் அங்கேயும் நன்றாகவே ஒட்டியது, ஆனால் வேலையை விடவில்லை. கொழுப்புச் செல்கள் உருவாயின. ஒரே கார்பன், கொஞ்சம் ஆக்சிஜன்தான் கூடுதல். அதில் ஒரு செல்லின் தலைவிதியே மாறிவிடுவதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில் கௌஷிக் சாட்டர்ஜி குழு, 2015இல் கிராஃபீன் ஆக்சைடில் அமீன் கூட்டங்களை ஏற்றி, பாலிகேப்ரோலேக்டோன் என்ற மக்கும் பாலிமரில் கலந்தது. அதன்மேல் ஸ்டெம் செல்கள் எலும்புத் தாதுவைக் கூடுதலாகப் படியவைத்தன, ஈ.கோலை பாக்டீரியாவின் படலமும் குறைந்தது. எலும்பு அறுவையில் கிருமித் தொற்றுக்கு அஞ்சும் மருத்துவர்களுக்கு இந்த இரண்டாவது பலன் சிறிதல்ல.

எச்சரிக்கையும் வேண்டும். அளவு மிஞ்சினால் இந்த ஏடுகள் செல்களைக் காயப்படுத்தும்; சரியாகக் கழுவாவிட்டால் தயாரிப்பில் சேர்ந்த மாங்கனீசு மிஞ்சிநிற்கும். உடலுக்குள் வைக்கப்போகிற பொருளில் அவசரம் கூடவே கூடாது.

முழுப் புரதத்தின் மடிப்பைக் காப்பது கடினமென்றால் அதன் துண்டு போதுமா? 1984இல் பியர்ஷ்பாக்கர், ருவோஸ்லாட்டி என்ற ஆய்வாளர்கள் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் செல் பற்றும் இடத்தைத் தேடி, ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களில் வந்து நின்றார்கள். அத்தனை குட்டிப் பெப்டைடில் குலைந்துபோக மடிப்பென்று பெரிதாக ஏதுமில்லை. அதனால் அதை ஏட்டின் ஓரத்துக் கார்பாக்சில் கூட்டங்களில் வேதிப்பிணைப்பால் கட்டிவிடலாம். செல் வந்து பற்றிக்கொள்ளும்.

அடுத்த வாரம் ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் போவோம். பட்டிழையின் ஃபைப்ரோயினும் புரதம்தான்.