பெயர் வைக்க முடியாத இசை

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பம் 1986-ல் வெளிவந்தது. பாடகர் இல்லை, பாட்டு வரி இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்கிற்கும் காணிக்கையாக்கிய இசை. கர்நாடக ராகமும் மேற்கத்திய ஹார்மனியும் சேர்ந்து ஒலிக்க, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே நிற்கும். பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்தின் பின்னணிக்கு இதையே எடுத்துக்கொண்டார்.

காளப்பநாயக்கன்பட்டியில் அப்பா வாங்கிய கேசட்டின் நாடா நைந்துகொண்டே வந்ததால், அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். நீங்களும் செய்யலாம். டேப் ரிக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு வயர் கொடுத்து, 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். முதலில் வேவ் ஃபைலாகவே சேமியுங்கள். நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். எம்பி3 சில ஒலிகளைக் கழித்துவிடும், கழித்தது திரும்பாது. நைந்த நாடாவும் மறுமுறை ஓடும் என்று நம்ப முடியாது.