வட உகாண்டாவில் நீதியும் சமாதானமும்

எண்பத்தைந்தாம் சங்கீதத்தில் நீதியும் சமாதானமும் அன்போடு சந்திக்கக் காண்கிறோம். உள்நாட்டுப் போரில் அகப்பட்ட நாடுகளிலோ, இவ்விரண்டும் ஒன்றையொன்று வழிமறித்து நிற்பதுண்டு. உகாண்டாவின் வடபகுதியில் வாழும் அச்சோலி மக்களிடையே நேர்ந்தது அதுவே. அங்குள்ள திருச்சபைத் தலைவர்கள் இப்பிரச்சினையில் நேரடியாக ஈடுபட்டிருந்தமையால், அதைச் சற்று ஆராய்வோம்.

ஜோசப் கோனியின் தலைமையில் 1980-களின் பிற்பகுதியில் எழும்பிய ‘கர்த்தருடைய எதிர்ப்புச் சேனை’, தன் பெயருக்கு முற்றிலும் மாறாக, சிறுவர் சிறுமியரை ஆயிரக்கணக்கில் கடத்திச் சென்றது. அவர்கள் கையில் ஆயுதங்களைக் கொடுத்துத் தங்கள் சொந்த ஊரார்மீதே ஏவியது. ஆகவே அம்மக்களுக்குக் கொலைஞன் அந்நியன் அல்லன். தாங்கள் பறிகொடுத்த பிள்ளை. இதை மறந்தால் அச்சபைத் தலைவர்களின் நிலை நமக்கு விளங்காது. ஆங்கிலிக்கன் அத்தியட்சர் ஓச்சொலாவும் கத்தோலிக்கப் பேராயர் ஓடாமாவும் இஸ்லாமியத் தலைவர்களோடு ஒன்றுகூடிப் பொதுமன்னிப்பு வேண்டி உழைத்தனர். 2000-ஆம் ஆண்டில் அதற்கான சட்டம் நிறைவேறிற்று. 1997-இல் தம் மனைவியைக் கண்ணிவெடிக்குப் பலிகொடுத்தவர் ஓச்சொலா. பிரசங்கபீடத்தில் நின்று நாம் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிற எளிமை அவருக்கு வாய்க்கவில்லை.

அவர்கள் நாடிய முறைக்கு ‘மாட்டோ ஓபுட்’ என்று பெயர். கொன்றவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள, அவன் குலத்தார் ஈடு செலுத்த, பின்பு இரு தரத்தாரும் ஓபுட் மரத்தின் வேர் கலந்த கசப்பான பானத்தை ஒரே கலத்திலிருந்து அருந்துவர். இதைத் தண்டனையின்றித் தப்பும் வழி என்பது தவறு. எனினும், ஒரு கொலைக்கென ஏற்பட்ட இச்சடங்கு, கொன்றவனும் கொல்லப்பட்டவனும் இன்னாரென்றே அறியப்படாத படுகொலைகளுக்குப் போதுமா என்ற ஐயம் நமக்கும் உண்டு.

2003-ஆம் ஆண்டின் இறுதியில் உகாண்டா அரசு தானே இவ்விவகாரத்தைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. 2005-இல் கோனி உட்பட ஐவர்மீது பிடியாணை பிறந்தது. மறு ஆண்டில் ஜூபா நகரில் சமாதானப் பேச்சு தொடங்கியபோது, பிடியாணை நீங்கினாலொழியக் கையொப்பமில்லை என்றான் கோனி. உள்நாட்டிலேயே மெய்யான விசாரணை நடைபெறுமாயின் அந்நீதிமன்றம் விலகிநிற்கலாம். பாதுகாப்புச் சபையும் விசாரணையைப் பன்னிரண்டு மாதங்கள் நிறுத்திவைக்கக் கோரலாம். முதல் வழியை நாடி 2007-இல் உடன்பாடும் எழுதப்பட்டது. ஆனால் 2008 ஏப்ரலில் கையொப்பமிடக் கோனி வரவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் படையெடுப்பு நிகழ்ந்தது. சிதறிய சேனை கிறிஸ்துமஸ் நாட்களில் காங்கோ நாட்டுக் கிராமங்களில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது.

பிடியாணையே சமாதானத்தைக் கெடுத்தது என்று கூற நாம் துணியோம். கோனியைப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளியதில் அதற்கும் பங்கிருந்திருக்கலாம். ஆயினும், மக்கள் இன்னும் முகாம்களில் அடைபட்டிருக்கையில் அதன் விளைவை அவர்களே சுமக்க நேரிடும் என்ற அத்தலைவர்களின் அச்சம் வீணானதல்ல.

ஐவருள் டொமினிக் ஒங்வென் ஒருவரே நீதிமன்றத்தில் நின்றார். பள்ளிக்குச் செல்லும் வழியில் சிறுவனாகக் கடத்தப்பட்டவர் அவர். 2021-இல் 61 குற்றங்கள் அவர்மேல் ரூபிக்கப்பட்டன. அவர் கடத்தப்பட்டதை மனதிற்கொண்டு, ஆயுள்தண்டனை விதியாமல் 25 ஆண்டுச் சிறை விதித்தனர் நீதிபதிகள். மாட்டோ ஓபுட் முறையை ஏற்க மறுத்தனர். 2024-இல், பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 50,000 பேருக்குத் தலா 750 யூரோ அடையாள ஈடாக அளிக்க உத்தரவாயிற்று. ஒங்வெனிடம் பொருளில்லாமையால், அப்பணத்தைப் பிறரிடமிருந்து திரட்டும்படியாயிற்று.