பழைய புடவையும் அஞ்சு கிலோ சுண்ணாம்பும்
(மார்கழிக் குளிரில் படுக்கும் அறையைப் புதுசாக்குவது எப்படி?)



நம்ம ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் மார்கழி வந்தாலே நமக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடுது. சென்னையில் இருக்கிற என் மாமா பெண் அந்த மாசத்திலும் ஃபேன் போட்டுத் தூங்குவாளாம். நாம் கம்பளிக்குள்ளே காலை மடக்கிக்கிட்டுப் படுக்கிறோம்.

எங்க வீடு தொகுப்பு வீடு. படுக்கிறதுக்கு ஒரே அறை. அதில் அம்மா, ஆயா, அக்கா, நான் நாலு பேரும் படுக்கிறோம். அப்பா முன்பக்கம் படுப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடக்குச் சுவர் ஈரம் குடித்து, கறுப்புக் கறுப்பாகப் பூசணம் பூத்துவிடும். சிமெண்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும். ஆயாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். அக்காவுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு. அந்த அறையில்தான் படிக்கணும்.

சந்தையில் நல்ல கம்பளி விலை கேட்டோம். ஒன்று 750 ரூபாய் என்றார்கள். நாலு பேருக்கு நாலு கம்பளி வாங்க முடியுமா? அதனால் அரையாண்டு லீவில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் சேர்ந்து கையில் இருப்பதை வைத்தே அறையைச் சரி செய்தோம். மொத்தச் செலவு 220 ரூபாய். எப்படி என்று கீழே எழுதுகிறேன். நீங்களும் செய்யலாம்.

1. முதல்ல வெயில்!

இதற்குக் காசே வேண்டாம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் என்று நமக்குத் தெரியும். டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதிதான் நமக்கு ஆண்டிலேயே குறுகிய பகல். அந்த நாட்களில் நடுப்பகலில்கூட சூரியன் நம் தலைக்கு நேரே நிற்காது, தெற்குப் பக்கமாகத்தான் நிற்கும். அதனால் தெற்கு ஜன்னல் இருக்கிற வீட்டில் வெயில் உள்ளே வரும். காலை 10 மணியிலிருந்து 3 மணி வரை அந்த ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் வெளியே வெயிலில் போடுங்கள். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன்னாடி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பகல் முழுக்கக் காய்ந்தது திரும்பவும் ஈரமாகிவிடும்.

2. சுண்ணாம்பு

சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுண்ணாம்பு அடிக்கணும். முதலில் பழைய செதிலைச் சுரண்டி, துடைப்பத்தால் தட்டிவிட்டோம். சுட்ட சுண்ணாம்பு 5 கிலோ வாங்கி முதல் நாள் சாயங்காலமே நீற்றினோம். இந்த வேலையை அம்மாதான் செய்தார்கள். தோழிகளே, இதைப் பெரியவங்க இல்லாமல் செய்யாதீங்க. சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு. அது தண்ணீரில் சேர்ந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகும். அப்போது தளதளவென்று கொதித்துச் சூடு வெளிவரும். மெல்லிய பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டால் பக்கெட்டே இளகிவிடும். தகரத்திலோ மண் தொட்டியிலோ தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. தப்பித் தவறிப் பட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மறுநாள் துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசையும் துணிக்குப் போடுகிற நீலம் சில சொட்டும் கலந்தோம். பசை கலந்தால் கையில் ஒட்டாது. நீலம் கலந்தால் வெள்ளை பளிச்சென்று தெரியும். தேங்காய் மட்டையின் ஒரு முனையைக் கல்லால் நசுக்கி நார் நாராக ஆக்கினால் அதுதான் பிரஷ். முதல் பூச்சு குறுக்கே, அது காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு நெடுக்கே. கீழே ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை அடித்தோம். அதன் மேலே அக்கா வெள்ளைப் புள்ளி வைத்துக் கோலம் வரைந்தாள். அறைக்கு ஒரு பார்டர் வைத்த புடவை கட்டியது மாதிரி ஆகிவிட்டது!

உங்களுக்குத் தெரியுமா? அடிக்கும்போது சுண்ணாம்பு அவ்வளவு வெள்ளையாகத் தெரியாது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மூன்று நாளில் கால்சியம் கார்பனேட்டாக மாறிய பிறகுதான் பளபளப்பு வரும். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. அதனால் பூசணம் சீக்கிரம் வளராது. சுவரின் ஈரத்தையும் வெளியே விடும். ஆனால் ஏற்கெனவே ஆயில் பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும்.

அடித்த பிறகு இரண்டு நாள் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து போட்டோம். அந்த இரண்டு நாளும் ஆயா முன்பக்கம் படுத்துக்கொண்டார்கள். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அதே பல்பிலேயே அக்காவுக்கு இப்போது நல்ல வெளிச்சம்.

3. புடவை விரிப்பு

ஒரு தடித்த போர்வையை விட இரண்டு மெல்லிய போர்வை அதிகக் கதகதப்பு என்று அறிவியல் வகுப்பில் படித்தோம் அல்லவா? இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற காற்று வெப்பத்தை எளிதாகக் கடத்தாது. இதே தத்துவம்தான் இந்த விரிப்புக்கும்.

ஒரு புடவை சுமார் ஐந்தரை மீட்டர் நீளம். அதை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 6 அடி நீளம் வரும். அகலம் நாலு அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். இப்படி மூன்று புடவையை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் மொத்தம் 9 அடுக்கு! நாலு ஓரமும் தைத்துவிட்டு, நாலு விரல் இடைவெளியில் நீளவாக்கில் ஓட்டுத் தையல் போட வேண்டும். அவ்வளவுதான். நாங்க மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு விரிப்பை இரண்டு நாளில் முடித்தோம். பாய்க்குக் கீழே கேழ்வரகு மூட்டைக் கோணியைக் காயவைத்து உதறிப் போட்டு, பாய்க்கு மேலே இந்த விரிப்பைப் போட்டால் தரையின் சில்லிப்பு மேலே ஏறாது. படுக்கையைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

நூல் புடவை மட்டும்தான் இதற்கு. நைலக்ஸ், பாலியஸ்டர் புடவை வேர்வையை இழுக்காது. நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேலை நம்ம ஊரில் மட்டும் இல்லை. வங்காளத்தில் இதே மாதிரி பழைய புடவையைத் தைத்து ‘காந்தா’ என்கிறார்கள். வட கர்நாடகத்தில் ‘கௌதி’ என்கிறார்கள். இப்போது பெரிய கடைகளில் காந்தா வேலைப்பாட்டுக்கு நல்ல விலை. நம்ம வீட்டுப் பெட்டியில் கிடப்பதும் அதே பழைய புடவைதானே!

ஆயா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஆறு புடவை எடுத்துக் கொடுத்தாங்க. ஏழாவதாக ஒரு அரக்குப் புடவையைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “இது வேணாம், இது உங்க தாத்தா தருமபுரிச் சந்தையில வாங்கியாந்தது” என்று உள்ளேயே வைத்துவிட்டாங்க. நாங்களும் கேட்கவில்லை. எல்லாப் பழசும் கழிக்கிற பழசு இல்லை. பெரியவங்க பெட்டியில் கை வைக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள்.

4. கால்மிதி

நைலக்ஸ் புடவையை என்ன செய்வது? மூன்று விரல் அகலத்துக்கு நீள நீளமாகக் கிழித்து, நாம் ஜடை பின்னுவது போலவே மூன்று கால் பின்னல் பின்ன வேண்டும். பின்னலை நத்தை ஓடு மாதிரி வட்டமாகச் சுற்றிச் சுற்றி, கோணி ஊசியால் அடியில் தைத்துக்கொண்டே வந்தால் கால்மிதி தயார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி, காலுக்குக் கதகதப்பு!

5. சுவருக்கு நகை

* மஞ்சப்பைப் பாக்கெட்: கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுத்த மஞ்சப்பைகள் எங்க வீட்டில் பதினைந்து இருந்தன. ஆறு பையைப் பாதியாக மடித்து, ஒரு பழைய வேட்டித் துணியில் வரிசையாகத் தைத்து, சுவரில் மாட்டினோம். அக்காவுக்குப் பாடத்துக்கு ஒரு பாக்கெட். சீப்பு, மாத்திரை வைக்க ஒன்று. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? அந்தப் பைக்கு இது இன்னொரு பயன்.

* வளையல் சங்கிலி: உடைந்த கண்ணாடி வளையல் துண்டை மெழுகுவத்திச் சுடரில் காட்டினால் இளகி வளையும். ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து நுனியை வளைத்தால் சங்கிலி. ஜன்னலில் தொங்கவிட்டால் வெயிலில் மின்னும். கை சுடும், கீறும். அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருக்கணும்.

* பூளைப்பூ: போகி அன்று காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு பூளைப்பூவும் பறிப்போம். கூடவே இன்னொரு கைப்பிடி பறித்துக் கொட்டாங்குச்சியில் வையுங்கள். தண்ணீர் வேண்டாம். காய்ந்தாலும் வெள்ளையாகவே மாதக் கணக்கில் இருக்கும். கடைப் பூங்கொத்து தோற்றுப்போகும்.

செலவுக் கணக்கு

சுண்ணாம்பு 5 கிலோ – ரூ. 100
நீலம் – ரூ. 15
காவிப் பொடி – ரூ. 25
ஊசிகள் – ரூ. 10
தடித்த நூல் 2 கண்டு – ரூ. 40
பசை – ரூ. 20
மெழுகுவத்தி – ரூ. 10
மொத்தம் – ரூ. 220

செய்யவே கூடாத இரண்டு

தோழிகளே, தோழர்களே! இதைக் கட்டாயம் படியுங்கள்.

ஒன்று, குளிருக்காகக் கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கக் கூடாது. புகை இல்லையே, தணல்தானே என்று நினைப்பார்கள். மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம் வரும். தூக்கத்தில் இருப்பவர்களுக்கு அதுவும் தெரியாமலேயே உயிர் போய்விடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இப்படி நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நம்ம ஊரிலும் குளிருக்குத் தணல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். எவ்வளவு குளிர் என்றாலும் ஜன்னல் மேல் கதவை ஒரு கை அளவாவது திறந்து வையுங்கள்.

இரண்டு, போகியில் டயர், பிளாஸ்டிக், நைலக்ஸ் துணி கொளுத்த வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் வருஷா வருஷம் இதைத்தான் கேட்டுக்கொள்கிறது. மார்கழி விடியலில் பனியோடு அந்தப் புகை மேலே போகாமல் ஊருக்குள்ளேயே நிற்கும். ஆயா மாதிரி இருமுகிறவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது விஷம். மேலே நான் எழுதிய விரிப்பு, கால்மிதி எல்லாமே போகியில் எரிந்திருக்க வேண்டிய துணிதான்!

குளிரைத் தடுப்பதும் அறையை அழகாக்குவதும் இரண்டு வேலை இல்லை, ஒரே வேலைதான். வெள்ளைச் சுவர் ஈரத்தை விரட்டுது, அழகாகவும் இருக்குது. பழைய புடவை கதகதப்புத் தருது, அழகாகவும் இருக்குது. கையும் பொறுமையும் இருந்தால் காசு பின்னால்தான். ஆயாவுக்கு இருமல் முழுசாகப் போகவில்லை, அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்குகிறோம். ஆனால் ராத்திரியில் எழுந்து உட்காருவது குறைந்திருக்கிறது.

உங்க வீட்டில் பழைய பொருளில் என்ன செய்தீர்கள் என்று எழுதி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்த சுவர் இதழில் ஒட்டுவோம். கால்மிதிப் பின்னல் தெரியாதவர்கள் மத்தியான இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாங்க, சொல்லித் தருகிறேன். கிழிந்த துணி மட்டும் கொண்டு வந்தால் போதும்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு